கடைசி நிறுத்தத்தில் சொல்லும் கதை

ரயிலை விட்டு இறங்கியவர்களை ஸ்டேஷன் வாசலிலேயே கார் டிரைவர்கள் மடக்கிக்கொண்டார்கள். இந்த ஊரைக் கார் இல்லாமல் பார்க்கவே முடியாது என்பது அவர்கள் எல்லாரும் சேர்ந்து பாடுகிற பாட்டு. பஸ் எப்போது வரும் என்று கேட்டால் வானத்தைப் பார்த்தார்கள். கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஐயோ பாவம் என்பதுபோலக் கேட்டவரின் காலைப் பார்த்தார்கள். கேட்டவர் பயந்துபோய்க் காரில் ஏறிவிடுவார். கடலோ எதிரே இருந்த மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான் கிடந்தது.

அவளை மட்டும் ஒருவனும் கூப்பிடவில்லை. தோளில் துணிப்பை, தேய்ந்த செருப்பு, நரைத்த தலை. இதனிடம் என்ன தேறும் என்று ஒரே பார்வையில் எடை போட்டுவிட்டார்கள். அதுவும் நல்லதற்குத்தான். அவள் காரில் ஏறிப் பல வருஷமாகிறது, இனி ஏறுவதாகவும் இல்லை. ஊர் சுற்றிப் பார்க்கவும் அவள் வரவில்லை. ஒருத்தனை நாலு பேர் முன்னால் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வந்திருந்தாள்.

ஒரு காலத்தில் அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லாரும் 'க்ளட்சக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். க்ளட்சைப் படக்கென்று விடுகிறவர்களிடம், "மெதுவா விடு, அது என்ன உன் மாமியார் கழுத்தா?" என்று அவள் போடுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். திட்டு வாங்கியவர்கள்தான் பிற்பாடு கார் வாங்கினால் முதலில் அவளிடம் கொண்டுவந்து காட்டினார்கள்.

அவளைக் கட்டிக்கொண்டவனும் டிரைவர்தான். வாய் நீளம். அதில்தான் அவள் விழுந்தாள் என்று அவளுடைய அண்ணன் இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

ஒரு விடியற்காலை, இருட்டு முழுசாக விலகாத நேரம், வெளியூரிலிருந்து இருவரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஓட்டியது அவன். அவள் பக்கத்து சீட்டில் அரைத்தூக்கத்தில் இருந்தாள். ராத்திரி வேலை முடிந்து ரோட்டோரமாக வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்த ஒரு வாட்ச்மேனைக் கார் அடித்துத் தூக்கிப் போட்டது. அவள் அலறிக்கொண்டு நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தவில்லை. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டதென்றும், அதைத் தானே பார்த்ததாகவும், இனி நின்று ஒன்றும் ஆகப்போவதில்லை என்றும் சொல்லிக்கொண்டே மிதித்தான். வீடு வந்து சேர்ந்ததும் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். தன் லைசென்ஸ் போனால் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும், பொம்பளை என்றால் லேசாக விட்டுவிடுவார்கள், ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்று அழுதான். அந்த முட்டாளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், ஓட்டியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

லேசாக யாரும் விடவில்லை. அடித்துவிட்டு நிற்காமல் போனவள் என்று பேப்பரில் எழுதித் தள்ளினார்கள். ஜெயில் கிடைத்தது, ஆயுசுக்கும் லைசென்ஸ் கிடையாது என்றும் ஆயிற்று. வெளியே வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. ஜெயிலுக்குப் போனவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அவளுடைய அண்ணனிடமே கேட்டுவிட்டு, காரையும் எடுத்துக்கொண்டு அவன் ஊரை விட்டே போயிருந்தான்.

இதையெல்லாம்கூட அவள் ஒருவேளை விழுங்கியிருப்பாள். விழுங்க முடியாமல் தொண்டையிலேயே நின்றது வேறு ஒன்று. கேஸ் நடந்தபோது கோர்ட் வராந்தாவில் வாட்ச்மேனின் மகள், பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்த பெண், பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், "நிக்காமக்கூடப் போனியே, உன் கை விளங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிற்று. பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? விடுதலையானதும் நேராக அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னாள். அந்தப் பெண் முழுசாகக் கேட்டது. கேட்டுவிட்டுச் சிரித்தது. புருஷன் விட்டுவிட்டு ஓடினதும் பழியை அவன் பக்கம் தள்ளுகிறாயா என்று கதவைச் சாத்திவிட்டது. அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பெண் ஒருத்தி நம்பினால் போதும், ஊர் உலகம் எல்லாம் எக்கேடு கெட்டாலும் சரி என்று அவளுக்கு இருந்தது.

பழைய மாணவன் ஒருவன்தான் துப்பு கொடுத்தான். குடும்பத்தோடு இந்தக் கடலோர ஊருக்குப் போயிருந்தானாம். ஊரைச் சுற்றிக்காட்டிய டிரைவர் கடைசியில் ஒரு கதை சொன்னாராம். கதையில் வருகிற முதல் சம்சாரம் க்ளட்சக்கா மாதிரியே இருந்ததாம். தயங்கித் தயங்கித்தான் சொன்னான். கேட்டதும் அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

மீன்வலை விற்கிற கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். கட்டில், ஒரு வாளி, ஜன்னல் நிறையக் கடல். வீட்டுக்காரம்மா வாயாடி. கேட்காமலே ஊரைப் பற்றி எல்லாம் கொட்டினாள். ஊர் ஒரு மேட்டைச் சுற்றிக் கட்டியது. சந்தெல்லாம் குறுகல், காருக்கு இடமில்லை. அதனால் கார்கள் வெளிச்சுற்று ரோட்டில் ஊரையே வளைத்துப் போகவேண்டும். நடக்கிறவர்களுக்கு மேட்டின் குறுக்கே படிக்கட்டு இருக்கிறது. கலங்கரை விளக்கத்தில் முதல் நிறுத்தம், பாறைமுனையில் அடுத்தது, பழைய துறைமுகத்தில் கடைசி. எந்தக் காரும் இதைத் தவிர வேறு எங்கும் நிற்காது.

"கார்ல போறவங்க ரோட்டைத்தான் பாக்குறாங்க. ஊரை நாங்கதான் பாக்குறோம்" என்றாள் வீட்டுக்காரம்மா.

மறுநாள் காலையில் அவள் குடையை எடுத்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியையும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். படிக்கட்டில் மூச்சு வாங்கியது. சாக்கடையைத் தாண்டி, காயப்போட்ட துணிகளுக்கு அடியில் குனிந்து, யாரோ ஒருவர் வீட்டு அடுப்படி ஜன்னலை உரசிக்கொண்டு போனால் கலங்கரை விளக்கம் வந்துவிட்டது. சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத்தான் ஒரு பெரிய வெள்ளைக் கார் வளைந்து வந்து நின்றது.

அதிலிருந்து அவன் இறங்கினான். தொப்பை போட்டிருந்தது. தலைக்குச் சாயம் அடித்திருந்தான். சட்டை இஸ்திரி கலையவில்லை. இவள் நாசமாய்ப் போன வருஷங்கள் அவனுக்கு நல்ல சாப்பாடும் தூக்கமுமாகப் போயிருக்கின்றன என்பது பார்த்தவுடனே தெரிந்தது. எழுந்து போய்ச் சட்டையைப் பிடித்திருப்பாள். குடையை ஊன்றி எழுவதற்குள் அவன் நெருங்கி வந்துவிட்டான். காரில் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக்கொண்டே அவன் அவளைத் தாண்டிப் போனான். நடந்து வருகிறவர்களை அவன் கண் எப்போதுமே மனிதராகக் கணக்கில் எடுத்ததில்லை. பெஞ்சோடு சேர்த்து அவளையும் ஒரு பெஞ்சாகத்தான் பார்த்துவிட்டுப் போனான்.

அப்போதுதான் அவளுக்குப் புத்தி வேலை செய்தது. சட்டையைப் பிடித்தால் பைத்தியம் என்பார்கள். அவன் அழகாக அழுவான், அவள் தோற்றுப்போவாள். முதலில் அவன் என்ன சொல்கிறான் என்று முழுசாகக் கேட்கவேண்டும். அவன் சுற்றிக்கொண்டு வருவதற்குள் அவள் படியேறி அடுத்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே கேட்டுவிட்டு மறுபடியும் படியேறினாள். கடைசியாகப் பழைய துறைமுகத்தில், கல் சுவரை ஒட்டி, ஒரு டீக்கடை. ஊர்க் கார்கள் எல்லாம் அங்கேதான் வந்து ஓய்ந்து நிற்கும். மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் அவனைக் 'கதைக்காரர்' என்று கூப்பிட்டதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பொருத்தமான பெயர்.

கதை அங்கே ஆரம்பமானது. கடலைப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும் என்று தொடங்கினான். முதல் சம்சாரம் நல்லவள்தான், ஆனால் வேகம். தான் பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சியும் அவள் கேட்கவில்லை. ஒரு ஏழையை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு எறும்பின்மேல்கூட ஏற்றாமல் ஓட்டுவதாகச் சபதம் எடுத்திருக்கிறான். கேட்டவர்கள் உச் கொட்டினார்கள். ஒரு பெண்மணி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தாள். போகும்போது அவன் கையில் தாராளமாக வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. ஒரு செத்த மனிதனையும் ஒரு உயிரோடிருக்கிற பெண்டாட்டியையும் வைத்து இவன் தினமும் பிழைத்துக்கொண்டிருக்கிறான். பிச்சைக்காரன்கூடத் தன் புண்ணைக் காட்டித்தான் பிச்சை எடுப்பான்.

அடுத்த நாளும் போனாள், அதற்கடுத்த நாளும் போனாள். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவன் வாயிலிருந்து ஏதாவது விழும் என்று ஒரு நப்பாசை. கால் வீங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க அங்கே அப்படி என்ன கொட்டிக் கிடக்கிறது என்று கேட்டாள்.

அவன் வாயிலிருந்து அது விழுந்த நாளில் காரில் வந்தவர்கள் இளவட்டங்கள். கதையில் அவர்களுக்கு நாட்டமில்லை, ஆளுக்கு ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதைக்காரனுக்கு அது பொறுக்கவில்லை. கேட்க ஆளில்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது, அது அவளுக்குத் தெரிந்த சங்கதிதான். கதையில் புதுசாக எதையாவது சேர்த்தாக வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் கைவசமிருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதை எடுத்துப் போட்டான்.

"அவர் அப்பவே சாகலைங்க. கண்ணாடியில பாத்தேன். எழுந்து உக்காந்து கையைக் காட்டினாரு. நிறுத்துங்கன்னு. அந்தக் கை இன்னும் என் கண்ணுக்குள்ளயே நிக்குதுங்க."

இளவட்டங்கள் நிமிர்ந்தார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

குடைக்கு அடியில் இருந்தவளுக்குக் காது அடைத்துப் போயிற்று. அந்த இடத்திலேயே போய்விட்டார் என்று சொன்னானே. இத்தனை வருஷமும் அதைத்தானே அவள் பிடித்துக்கொண்டு தொங்கினாள். நின்றிருந்தாலும் பிரயோஜனமில்லை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லித்தானே ஜெயிலில் தூங்கினாள். மூச்சை இழுத்துவிட்டுக்கொண்ட பிறகுதான் இரண்டாவது விஷயம் உறைத்தது. கண்ணாடியில் பார்த்தேன் என்கிறான். பின்னால் பார்க்கிற கண்ணாடி ஓட்டுகிறவன் முகத்துக்குத் திருப்பி வைத்தது. பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் பின்சீட்டின் ஓரம் தெரியும், ரோடு தெரியாது. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு அவள் முதல் நாளே உட்காரவைத்துக் காட்டுகிற பாடம் அது. டிரைவர் டிரைவராகத்தான் கதை சொல்வான். எந்தப் பொய்யைச் சொன்னாலும் தன் சீட்டிலிருந்து இறங்க அவனுக்கு வராது.

சோதித்துப் பார்க்க மறுநாளும் போனாள். கை வந்தது, கண்ணாடி வந்தது. நன்றாக விற்கிற சரக்கை எந்தக் கடைக்காரன் உள்ளே எடுத்து வைப்பான்? அழுகையும் கூடியிருந்தது.

அன்றைக்கே வாட்ச்மேன் மகள் வேலை பார்க்கிற மருந்துக்கடைக்குப் போன் போட்டாள். தான் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பெண் போனை வைத்துவிடுவதற்குள் சொல்லவேண்டியதைச் சொல்லியாக வேண்டும்.

"உங்க அப்பா கடைசியா என்ன செஞ்சாருன்னு இங்க ஒருத்தன் தினமும் ஊருக்கே சொல்லிக்கிட்டிருக்கான். நான் சொன்னா நீ நம்ப மாட்டே. வந்து உன் காதால கேட்டுட்டுப் போ."

ஊரையும் ரயிலையும் சொல்லி முடித்ததும் எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் அவள் தினமும் ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்டேஷன் எதிரே போய் நின்றாள். அந்தப் பெண்ணைத் தான் பழிவாங்குவதற்கு ஆயுதமாக இழுக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அப்பனுடைய கடைசி நிமிஷத்தை ஒரு டீக்கடை வாசலில் வேடிக்கைக் கதையாகக் கேட்கவைப்பது கொடுமைதான். தெரிந்தேதான் செய்தாள். அவன் குப்புற விழுவதைப் பார்க்கவேண்டும், விழும்போது அந்தப் பெண் அதைப் பார்க்கவேண்டும். வேறு எதற்கும் அவள் மனசில் அப்போது இடமில்லை.

அந்தப் பெண் வந்தாள். யூனிஃபார்ம் பெண் இல்லை, வளர்ந்து, ஒல்லியாக, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய் இருந்தாள். கைப்பை ஒன்றுதான் கொண்டுவந்திருந்தாள். வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை.

"சாயங்கால ரயிலுக்கு நான் திரும்பணும். யாரு அவரு?"

க்ளட்சக்கா வெள்ளைக் காரைக் காட்டினாள். முன் சீட்டில் ஏறிக்கொள், என்னைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே, கடைசி நிறுத்தத்தில் நான் இருப்பேன் என்று மட்டும் சொன்னாள். அவன் என்ன சொல்வான் என்பதைச் சொல்லவில்லை. பெண் தலையாட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். கதைக்காரன் குனிந்து கதவைச் சாத்தினான்.

அன்றைக்கு அவள் வழியில் வேறு எந்த நிறுத்தத்துக்கும் போகவில்லை. நேராகப் படி ஏறி இறங்கித் துறைமுகச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். கடல் பாட்டுக்கு வந்து கல்லில் மோதிக்கொண்டிருந்தது. ஒருவேளை இன்றைக்கென்று பார்த்து அவன் அந்தக் கையை விட்டுவிட்டால்? தொண்டை கட்டியிருக்கிறது என்று கதையே சொல்லாமல் போய்விட்டால்? கையிலிருந்த டீ ஆறிப்போய் ஆடை படிந்தது.

கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சோடாப்புட்டி என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவர்தான் அங்கே மூத்தவர். கனத்த கண்ணாடி, அதைக் கழற்றினால் தன் காரையே தடவித்தான் கண்டுபிடிப்பார் என்று கேலி பண்ணுவார்கள். ஆனால் ஸ்டாண்டில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வெள்ளைக் கார் வந்ததும் அவர், ஆரம்பிச்சிட்டாருய்யா, என்று சொல்லிக்கொண்டு இன்னொரு டீ கேட்டார்.

கதைக்காரன் நல்ல மூடில் இருந்தான். காரில் வந்த குடும்பம் ஒன்று, கணவன் மனைவி ஜோடி ஒன்று, அவர்களோடு கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு இந்தப் பெண். ஜோடியில் அந்தக் கணவன் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் கதைக்காரனுக்கு உற்சாகம் பொங்கியது. நடுங்கும் கை, வேகமான சம்சாரம், கெஞ்சல் எல்லாம் வந்தன. கண்ணாடி வந்தது. கை வந்தது. அவன் தன் கையையே உயர்த்திக் காற்றில் ஆட்டிக் காட்டினான்.

"எந்தக் கையை?" என்று பெண் கேட்டாள்.

கேள்வி கேட்கிற ஆள் கிடைத்தால் கதை சொல்கிறவனுக்கு அதைவிட என்ன வேண்டும்? அவன் யோசிக்கவே இல்லை.

"டார்ச் வெச்சிருந்த கையைத்தாம்மா. அது எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. இல்லேன்னா அந்த இருட்டுல எனக்கு எப்படித் தெரியும்? அதை இப்படி, இப்படி ஆட்டினாரு."

"அந்த டார்ச் எங்க வீட்டுல இருக்கு" என்றாள் பெண். "அவரு எங்க அப்பா."

அவன் கை ஆட்டிய இடத்திலேயே நின்றது. முதலில் சிரிக்கப் பார்த்தான். கதைக்காகச் சேர்த்துக்கொண்டது, சும்மா, மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். எது சும்மா, டார்ச்சா என்று பெண் கேட்டாள்.  படம் எடுத்துக்கொண்டிருந்த கணவன் போனை இறக்காமல் இரண்டடி முன்னால் வந்தான்.

சோடாப்புட்டி டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆயிரம் தடவை கேட்டுச் சிரித்த கதையை அவர் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்பதுபோல இருந்தது.

"பக்கத்து சீட்டுலதானே இருந்தே? அங்கேருந்து அந்தக் கண்ணாடியில ரோடு எப்படிடா தெரியும்?"

 அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஸ்டியரிங் பிடிக்கிறவர்கள், அவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. ஒருத்தன் சந்தேகம் தீரத் தன் காரின் பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, தெரியவில்லை என்று தலையாட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

க்ளட்சக்கா குடையை மடக்கினாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். எழுந்து அவன் எதிரே போய் நின்றாள். ஜெயில் பாயில் படுத்துக்கொண்டு ஒத்திகை பார்த்த வசனம் எவ்வளவோ இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"இவதான்" என்றான் அவன். குரல் உடைந்துவிட்டது. "இவதான் ஓட்டினா. கேஸே இருக்கு. கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டா."

"ஆமா, ஒத்துக்கிட்டேன்" என்றாள் அவள். "நீ என் காலைப் பிடிச்சதால."

அவன் காரைப் பார்த்து நகர்ந்தான். சோடாப்புட்டி அவனுக்கு முன்னால் போய், ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். போலீஸ் வருகிறவரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும் என்றார். காரில் வந்தவர்கள் தங்கள் பைகளை எடுத்து வேறு காரில் வைத்துக்கொண்டார்கள். கூட டீ குடித்த ஒருவன்கூட அவனுக்காக வாய் திறக்கவில்லை, எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். சாயம் வியர்வையில் கரைந்து காதோரம் வழிந்தது.

அவள் அதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பொய் சொல்வானேன், இனித்தது. வயிற்றில் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டியது மாதிரி இருந்தது. வந்த வேலை முடிந்தது. இனி அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவேண்டியதுதான் பாக்கி. ஒரு வார்த்தை. மன்னிப்பு என்றுகூட இல்லை, அன்றைக்குச் சிரித்துவிட்டேனே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

பெண் கடலைப் பார்த்து நின்றிருந்தாள். அழவில்லை. யாரோ கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் பிடித்திருந்தாள். க்ளட்சக்கா பக்கத்தில் போய் நின்றாள். 

"நீங்க ஓட்டலை" என்றாள் பெண்.

"இல்ல."

"அவரு டார்ச்சை ஆட்டினப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்து சீட்டுல."

"திரும்பிப் பாக்கலையா?"

இந்தக் கேள்வியை எந்த வக்கீலும் கேட்கவில்லை, அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கண்ணாடி அவனுடையது, சரி. கழுத்து அவளுடையதுதானே. அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். ஒரு தடவை திரும்பியிருந்தால் அந்த வெளிச்சம் தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்கியாவது காரை நிறுத்தியிருப்பாள், அது அவளுக்குத் தொழில்.

"பாக்கலை" என்றாள்.

"உங்களையுந்தான் கூப்பிட்டிருக்காரு."

சொல்லிவிட்டுப் பெண் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். கோபம் ஒன்றும் இல்லை குரலில். கோர்ட் வராந்தாவில் இருந்த அந்தக் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லப்போறேன்" என்றாள் பெண். "நீங்க வரணும். அவரு ஓட்டினாருன்னு சொல்லணும். நீங்க கூட இருந்தீங்க, திரும்பிப் பாக்கலைங்கறதையும் சொல்லணும்."

அவனைப் பற்றிச் சொல்ல அவள் கடலைத் தாண்டியும் போவாள். மற்றதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெண் அவசரப்படுத்தவில்லை, பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"சொல்றேன்" என்றாள் அவள்.

பெண் தலையாட்டினாள். ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட முடியுமா என்று கேட்டாள். முடியும் என்று அவள் மேட்டின் மேலே ஏறுகிற படிகளைக் காட்டினாள். பெண் விறுவிறுவென்று ஏறிப் போனாள், ஒரு இடத்திலும் நின்று திரும்பவில்லை. போலீஸ் ஜீப் வந்து நின்றபோது, வாக்குமூலம் எழுதுகிறவர் க்ளட்சக்காவிடம் பெயரைக் கேட்டார். பக்கத்து சீட்டில் இருந்தவள் என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள்.